தோட்ட வாரியமும் நம் பின்பக்கத் தோட்டமும்



சென்ற நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வந்த ஒரு தீர்மானம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சி பிளாக்கின் பின்னால் இருக்கும் 2,400 சதுர அடித் தோட்டத்தை எடுத்துவிட்டு, பேவர் பிளாக் பதித்து, 11 கார்கள் நிறுத்த இடம் செய்வது என்பது தீர்மானம். வரும் பொதுக்குழுவில் ஓட்டெடுப்பு. "எத்தனை தடவை செடி வைத்தாலும் ஒன்று வெள்ளத்தில் அழுகுகிறது, இல்லாவிட்டால் வெயிலில் கருகுகிறது. இனியும் பணத்தைக் கொட்ட முடியாது" என்றார் நம் பொருளாளர். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கு போனதற்குக் காரணமே நான்தான். அதைக் கீழே சொல்கிறேன்.

இந்த இதழில் ஊர்வரலாறு எழுதுவது என் வழக்கம். சென்ற முறை தாம்பரம் மின்சார ரயில் பற்றி எழுதினேன். இந்த முறை தலைப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. நம் பக்கத்தில் செடி வளர்ப்பது ஏன் இவ்வளவு கஷ்டம், நமக்கு முன்னால் இங்கே வளர்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம்.

சராசரி என்னும் ஏமாற்று

நான் பி.காம். படித்தவன். தாவரவியல் தெரியாது. 36 வருஷம் வங்கியில் கணக்கு பார்த்தவன் என்பதால் எண்களில் இருந்தே தொடங்குகிறேன்.

சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். லண்டனில் இதில் பாதிகூடக் கிடையாது. ஆனால் அங்கே மழை மாதா மாதம் சம்பளம் போல ஓரளவு சீராக வந்துவிடும். நமக்கு அப்படியில்லை. பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வந்து முடிந்துவிடும். அதிலும் பல வருஷங்களில் நாலைந்து நாட்களில் வருவதுதான் கணக்கின் பெரும்பகுதி. மாசி, பங்குனியில் அநேகமாக ஒன்றும் இருக்காது.

வங்கியில் ஒரு வாடிக்கையாளர் வருவார். "சார், என் சராசரி இருப்பு பத்தாயிரம் இருக்கிறதே, செக் ஏன் திரும்பியது?" என்பார். சராசரி எவ்வளவு இருந்தால் என்ன? செக் வந்த அன்று கணக்கில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. செடிக்கும் அதே விதிதான். மே மாதம் வாடும் செம்பருத்திக்கு நவம்பரில் பெய்த மழையைக் காட்டிப் பயனில்லை.

இரண்டாவது சங்கடம், ஒரு வருஷம் போல இன்னொரு வருஷம் இருப்பதில்லை. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொல்லி வைத்தார்கள். நம் பக்கத்தில் ஆடியில் வெயில் இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருக்கும். சாயங்கால இடிமழை வந்தால் உண்டு. கத்திரி முடிந்த கையோடு அனலடிக்க வேண்டிய ஜூனில், 1996-ல் ஊரே மிதக்கும்படி மழை கொட்டியது. அப்போது நான் மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தேன். 27 வருஷம் கழித்து 2023 ஜூனிலும் அப்படி ஒரு பெரிய மழை வந்தது. அதற்கு நேர்மாறாக, மழைக்காலம் முழுக்கப் பொய்த்துப்போன வருஷங்களும் உண்டு. இது புதிய கதை இல்லை என்பதற்குத்தான் வரலாறு தேவைப்படுகிறது.

1,100 வருஷத்துக்கு முந்தைய தோட்டக் கமிட்டி

நம் வளாகத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காக எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். வார்டுக்கு வார்டு தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள்.

படிக்கும்போது நான் கவனிக்காமல் விட்டது, எந்தெந்தக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள் என்பதை. சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழு ஒன்று. அடுத்து தோட்ட வாரியம், அதற்கு 12 பேர். அதற்கடுத்து ஏரி வாரியம், அதற்கு 6 பேர். ஆண்டுக் குழுவுக்குப் போகிறவர்களை, ஏற்கெனவே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் ஆகியோரிலிருந்து எடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதாவது தோட்டத்தையும் ஏரியையும் பார்த்துப் பழகிய அனுபவத்தை அந்த ஊர் ஒரு தகுதியாகவே வைத்திருந்தது.

921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். (எனக்கு 67. இன்னும் தகுதி போகவில்லை!) பதவிக்காலம் 360 நாள். எந்த வாரியத்திலாவது இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் மறுபடி இடம் கிடையாது. ஒரு வங்கிக்காரனுக்கு இதைப் படித்தால் வரும் சந்தோஷத்தை நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உள்ளவர்களுக்குத்தான் அந்தக் குடத்தில் ஓலை. ஏரியில் மண் வெட்டியவர்களுக்கும் தோட்டத்தில் நீர் பாய்ச்சியவர்களுக்கும் இடம் இல்லை. இதற்குக் கடைசியில் மறுபடி வருகிறேன்.

ஏரி என்ற வைப்புக் கணக்கு

தோட்ட வாரியத்துக்குப் பக்கத்திலேயே ஏரி வாரியம் ஏன் என்பதற்கு நம் ஊரே பதில். செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். நம்மைச் சுற்றியே எண்ணிப் பாருங்கள்: சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், இரும்புலியூர், பீர்க்கன்காரணை. இவற்றில் எதுவும் தனி ஏரி கிடையாது. ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததற்குப் போகும். சிட்லபாக்கத்தின் உபரி செம்பாக்கத்துக்கு, செம்பாக்கத்தின் உபரி நன்மங்கலத்துக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் சராசரி மழையை நம்பவில்லை. மூன்று மாதத்தில் வருவதைப் பிடித்து வைத்து ஒன்பது மாதத்துக்குச் செலவு செய்ய மதகு. அளவுக்கு மீறி வந்தால் கரை உடையாமல் வெளியே விடக் கலங்கல். பஞ்சம், வெள்ளம் இரண்டுக்கும் ஒரே இடத்தில் பதில் வைத்திருக்கிறார்கள்.

தோட்டத்துக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. தாம்பரம், பல்லாவரம் பக்கம் மண் பெரும்பாலும் சரளை கலந்த செம்மண். கொஞ்சம் தோண்டினால் பாறை. நீர் நிற்காது, சத்தும் குறைவு. கோடையில் ஏரி வற்றும்போது அடியில் படிந்த வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி வயலிலும் தோட்டத்திலும் கொட்டுவார்கள். ஏரி ஆழமாகும், மண் வளமாகும். ஏரிகளைச் சுற்றி மனை போட்ட பிறகு அந்த வண்டி வருவதும் நின்றது.

சைதாப்பேட்டையில் நீராவிக் கலப்பை

இனி ஆங்கிலேயர் காலத்துக்கு வருவோம். 1860-களில் சென்னை கவர்னராக இருந்த சர் வில்லியம் டெனிசன் விவசாயத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை உள்ளிட்ட கருவிகளை வரவழைத்தார். அவற்றைச் சோதித்துப் பார்க்கச் சைதாப்பேட்டையில் 300 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் ஓர் அரசுப் பண்ணை அமைந்தது. நம் மின்சார ரயில் இன்று தினமும் கடக்கும் அதே சைதாப்பேட்டைதான். பண்ணையை ஒட்டி விவசாயப் பள்ளியும் வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் வரலாற்றை 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய அந்தப் பள்ளியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அந்தப் பல்கலைக்கழகம் இன்று சைதாப்பேட்டையில் இல்லையே? 1906-ல் கோயம்புத்தூருக்கு மாற்றிவிட்டார்கள். சைதாப்பேட்டைப் பண்ணையின் மண் மணல் பாங்கானது, சத்துக் குறைந்தது, மாகாணத்தின் விவசாயத்துக்கு அது சரியான மாதிரி அல்ல என்ற குறை நெடுநாளாக இருந்தது. சீரான மழையும் கனமான மண்ணும் உள்ள ஊருக்காகச் செய்த கருவிகள், மூன்று மாதம் சேறாகவும் மீதி நாள் கட்டாந்தரையாகவும் இருக்கும் ஊரில் என்ன செய்யும்? நம்மூர் உழவர்கள் நீராவிக் கலப்பையை வாங்கவில்லை. அரசாங்கம் இவ்வளவு பணமும் ஆட்களும் வைத்து நடத்திய பண்ணையே இந்த மண்ணில் திணறியது என்பது, என் தொட்டித் தக்காளி காய்க்காதபோது எனக்கு ஓர் ஆறுதல்.

இதே காலத்தில்தான் 1876-ல் மழை அடியோடு பொய்த்து, 1876-78 தாது வருஷப் பஞ்சம் வந்தது. பக்கிங்காம் கால்வாயை அடையாற்றோடு இணைத்த வேலை அந்தப் பஞ்சத்தில் நிவாரணப் பணியாக நடந்தது. இந்த 1876-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

நல்ல காற்றுக்கு வந்தவர்கள்

20-ஆம் நூற்றாண்டில் தாம்பரத்துக்கு இரண்டு முக்கியமான வருகைகள். டாக்டர் சவுரிமுத்து இங்கிலாந்தில் காசநோய் மருத்துவமனை நடத்திப் பேர் வாங்கியவர். திறந்த காற்றும் மரங்களும்தான் மருந்து என்று நம்பியவர். 1928-ல் அவர் பச்சைமலை அடிவாரத்தில் சானடோரியத்தைத் திறந்தார். இன்றைய ரயில் நிலையத்தின் பெயரிலேயே அது நிலைத்துவிட்டது. 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. 1937-ல் சென்னை கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து சேலையூர்க் காட்டு நிலத்துக்கு மாறியது.

கல்லூரிக்குக் கிடைத்தது 350 ஏக்கருக்கு மேற்பட்ட முட்புதர்க் காடு. அதைப் பசுமையாக்கும் வேலையில் முன்னின்றவர் எட்வர்ட் பார்ன்ஸ். தோட்டக்கலை நிபுணர் அல்ல, வேதியியல் பேராசிரியர். ஓய்வு நேரத்தில் தாவரங்களைத் தேடித் தேடிப் படித்தவர், மனைவி ஆலிஸும் அதில் துணை. பார்ன்ஸ் 1941-லேயே காலமானார். கல்லூரி இடம் மாறி நாலு வருஷம்தான் அவருக்குக் கிடைத்தது. அவர் காலத்தில் நட்ட மரங்களின் நிழலில்தான் அதற்குப் பிறகு வந்த எல்லாத் தலைமுறை மாணவர்களும் நடந்தார்கள்.

அந்த வளாகத்தில் எனக்குப் பிடித்த விஷயம், இருந்த குறுங்காட்டை முழுக்க வழித்தெடுத்துவிட்டுப் புல்தரை போடாததுதான். இன்றும் அங்கே பெரும்பகுதி இந்த மண்ணுக்கே உரிய புதர்க்காடு. ஏரியும் இருக்கிறது, புள்ளிமான்களும் இருக்கின்றன. தண்ணீர் லாரி வந்து ஊற்றி வளர்த்த காடு இல்லை அது. வறட்சிக்கும் மழைக்கும் இந்த இடத்திலேயே பல நூறு வருஷமாகப் பழகிய செடிகள்.

என் கணக்கு

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

2014-ல் தோட்டத்துக்கு ஒரு திட்டம் கொடுத்தவன் நான். அரசு தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத்துக்குப் பை, தேங்காய் நார்க்கழிவு, விதை எல்லாம் கொடுத்துக்கொண்டிருந்த சமயம். எல்லோருக்கும் செடி ஆசை வந்திருந்தது. நான் பின்பக்கம் முழுக்கக் கொரியன் புல்லும், ஓரத்தில் சீக்கிரம் வளரும் பூமரங்களும் என்று பட்ஜெட் போட்டேன். வாரத்துக்கு இத்தனை லிட்டர் தண்ணீர், மாதம் இவ்வளவு மழை என்று சராசரியை வைத்து அழகாக அட்டவணை. 38,000 ரூபாய். கூட்டத்தில் கைதட்டல்.

அப்போது நம் தோட்டக்காரர் என்னிடம் சொன்னது: "சார், இது ஏரி வாய்க்கா போன எடம். தண்ணி வந்தா இங்கதான் வந்து நிக்கும். புல்லு வேணாம் சார். மேடு கட்டி, புங்கன், பூவரசு வைக்கலாம்." அவர் அகரம்தென் பக்கத்துக்காரர். அந்த வாய்க்காலைச் சின்ன வயதில் பார்த்தவர். நான் அட்டவணையைக் காட்டி, "பார்த்துக்கலாம், பெரியவரே" என்று சொல்லிவிட்டேன்.

2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் மழை, 1918-க்குப் பிறகு எந்த நவம்பரிலும் அவ்வளவு பெய்ததில்லை. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். ஒரு வருஷ சராசரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே நாளில். முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டுக்கு முன்னால் நம் புல்தரை ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் சொல்கிறேன், நாலு நாள் நீர் நின்று, வடிந்தபோது விரலளவு சேறு. புல் போயிற்று.

மறுவருஷம் மறுபடி போட்டோம். 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 1876-க்குப் பிறகு அவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவம் வந்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த வறண்ட பருவத்துக்கு நடுவில்தான் டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைத் தாண்டியது. 100 கிலோமீட்டருக்கும் மேல் வேகம். வண்டலூர் பூங்காவில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. நம் தோட்டத்தில் நான் வைத்த மூன்று பூமரங்களும் வேரோடு விழுந்தன. சுவரோரம் யாரும் வைக்காமல் தானாக முளைத்த வேம்பு மட்டும் கிளை முறிந்து நின்றது. ஒரே பருவத்தில் காற்று மரத்தைச் சாய்த்தது, கிணற்றில் தண்ணீரும் ஏறவில்லை.

2018 மழையும் சென்னையில் பாதிக்கு மேல் குறைந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வந்தது. நம் வளாகத்தில் வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு வைத்தோம். ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதம் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிப் பேசவே எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருஷம் நவம்பரில் நிவர் புயல். தாம்பரத்தில் 31 சென்டிமீட்டர். 2023 டிசம்பரில் மிக்ஜாம்.

எட்டு வருஷத்தில் வந்த இந்த எண்களைக் கூட்டி வகுத்தால் ஒரு நல்ல சராசரி கிடைக்கும். அந்தச் சராசரி போன்ற ஒரு வருஷம்கூட வரவில்லை என்பதுதான் நான் படித்த பாடம். என் திட்டம் வராத வருஷத்துக்காகப் போட்ட திட்டம். தோட்டக்காரர் சொன்னது வந்த வருஷங்களுக்கு.

பேவர் பிளாக் என்ன செய்யும்

சரி, தோட்டமே வேண்டாம் என்றால் தொல்லை விடுமா? இங்கேயும் ஒரு கணக்கு. 2,400 சதுர அடி என்பது சுமார் 223 சதுர மீட்டர். ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை என்றால் அந்த இடத்தில் மட்டும் விழுவது 3 லட்சத்து 12 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 26 லாரி. பாதி ஆவியாகவும் வழிந்தும் போனால்கூட 13 லாரித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வாய்ப்பு. கான்கிரீட் தளத்தின் மேல் இடைவெளி இல்லாமல் கல் பதித்தால் அது அநேகமாகப் பூஜ்யம்.

2015 டிசம்பர் போல ஒரு நாள் மறுபடி வந்தால், அந்த இடத்தில் ஒரே நாளில் விழுவது ஒரு லட்சத்து 9 ஆயிரம் லிட்டர். வாய்க்கால் போன தாழ்வான இடம் அது. மண்ணாக இருந்தால் கொஞ்சமாவது குடிக்கும். கல்லாக இருந்தால் அத்தனையும் சி பிளாக் படிக்கட்டுக்கும், அங்கே நிறுத்தப்போகும் 11 கார்களுக்கும்தான். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதற்குப் பிறகு எழுந்த நம் கட்டடத்திலும் நாலு உறிஞ்சுகுழிகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று நான் யாரையும் கேட்கப் போவதில்லை, ஏனென்றால் அதில் மூன்று வருஷம் நானும் குழுவில் இருந்தேன்.

கார் நிறுத்த இடம் வேண்டும் என்பது நியாயமான தேவை. அதை நான் மறுக்கவில்லை. மாலையில் இடம் தேடி மூன்று சுற்று சுற்றுகிறவர்களின் கஷ்டம் எனக்கும் தெரியும், என் மகன் வரும்போதெல்லாம் அதுதான் நடக்கிறது. முன்பக்கம் பழைய ஜெனரேட்டர் ஷெட்டை எடுத்தால் 4 கார்களுக்கு இடம் வரும் என்று செயலாளரே அளந்து வைத்திருக்கிறார். மீதி 7-க்கு என்ன செய்வது என்பதைக் கூட்டத்தில் பேசலாம். தோட்டத்தின் ஓரமாக, நடுவில் மண்ணும் புல்லும் விட்ட ஓட்டைக் கற்களைப் பதித்து அதில் 3 கார்கள் நிறுத்தலாம் என்பது என் யோசனை.

நான் கேட்பது

தீர்மானத்துக்கு மாற்றாகப் பொதுக்குழுவில் நான் வைக்கப்போவது இவ்வளவுதான்:

ஒன்று, தோட்டத்தின் நடுவில் பழைய வாய்க்கால் போன தாழ்ந்த பகுதியை மேடாக்க வேண்டாம். அப்படியே விட்டு, ஒரு உறைகிணறு இறக்கி, மொட்டைமாடித் தண்ணீரை அதில் விடுவது. வெள்ளம் வந்தால் நிற்க ஓர் இடம், வறட்சி வந்தால் எடுக்க ஓர் இருப்பு. சின்ன அளவில் ஒரு ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, சுற்றிலும் ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி. புங்கன், பூவரசு, வேம்பு, மகிழம் போன்ற நம் மண்ணின் மரங்கள், இடையில் நொச்சி, ஆடாதோடை, நந்தியாவட்டை. மரக்கன்றைப் புரட்டாசியில் வைத்தால் முதல் மழையை வேர் பிடித்துக்கொள்ளும். புயலுக்கு முன்னால், அதாவது ஐப்பசி பிறப்பதற்குள், கிளை கழிப்பது. உதிர்ந்த இலையை எரிக்காமலும் குப்பை வண்டிக்குக் கொடுக்காமலும் செடியடியில் மூடாக்குப் போட்டால் கத்திரியில் தண்ணீர் பாதி மிச்சம். காய்கறி ஆசை உள்ளவர்கள் மாடியில், பொங்கல் முடிந்து தைப்பட்டத்தில் தொட்டி வையுங்கள். ஏப்ரல் கடைசிக்கு மேல் தக்காளிப் பூ வெப்பத்தில் உதிரும், அது உங்கள் குற்றமில்லை. புல்தரை கிடையாது.

மூன்று, ஒரு தோட்ட வாரியம். 12 பேர் வேண்டாம், 5 பேர் போதும். ஏரி வாரியம் தனியாக வேண்டாம், உறிஞ்சுகுழியும் கிணறும் இவர்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும். மரமும் தண்ணீரும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வர வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டாதவருக்கு அடுத்த முறை இடமில்லை, உத்திரமேரூர் விதிப்படி.

அந்த 5 பேரில் ஒருவராக நம் தோட்டக்காரர் இருக்க வேண்டும். அவருக்கு இங்கே ஃபிளாட் இல்லை, ஓட்டும் இல்லை என்பது தெரியும். உத்திரமேரூர்க் குடத்தில் மண் வெட்டியவர் பெயருக்கு ஓலை இல்லை என்று மேலே சொன்னேன். 1,100 வருஷம் கழித்தும் நாம் அதையே செய்ய வேண்டிய அவசியமில்லை. 2014-ல் அவர் பேச்சு கூட்டத்தின் காதில் விழுந்திருந்தால் 38,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும், இன்று 10 வயது புங்கமரங்கள் நிழல் கொடுத்துக்கொண்டிருக்கும். போன வாரம் அவரிடம் இதைச் சொன்னேன். "கூட்டத்துக்கெல்லாம் நான் எதுக்கு சார்? அந்த வேப்பமரத்த மட்டும் வெட்டிராதீங்க" என்றார்.

பொதுக்குழு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு, கம்யூனிட்டி ஹாலில். தீர்மானத்துக்கு ஆதரவாக இருப்பவர்களும் அவசியம் வாருங்கள். வரும்போது 10 நிமிஷம் முன்னதாகக் கிளம்பி, சி பிளாக் பின்னால் போய் அந்த வேம்பின் கீழ் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். நான் அங்கேதான் இருப்பேன், 2014 அட்டவணையும் கையில் இருக்கும்.